வீட்டுத் தோட்டத்தில் பிறந்த ரோஜாவைப் பண்ணைக்குக் கொண்டுசேர்ப்பது எப்படி?

1946-இல் இங்கிலாந்தின் ஹார்க்னஸ் நர்சரி இரண்டு சிவப்பு ரோஜா ரகங்களை வெளியிட்டது: 'ஈனா ஹார்க்னஸ்', 'ஃப்ரென்ஷம்'. இரண்டையும் உருவாக்கிய ஆல்பர்ட் நார்மன் வைரம் பதிக்கும் தொழில் செய்தவர். மகரந்தம் சேர்ப்பதும் விதை போடுவதும் நாற்றுகளில் பொறுக்கியெடுப்பதும் அவருடைய ஓய்வுநேர ஈடுபாடு. ஆயிரக்கணக்கில் செடியைப் பெருக்கி விற்கத் தெரிந்த ஒரு நர்சரி அவருடைய ரகங்களை ஏற்றுக்கொண்டதால்தான் அவை பல நாட்டுத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

அப்படி ஏற்றுக்கொள்ள ஆள் கிடைக்காமல் போன ரகங்களைப் பற்றி எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. ஒருவருடைய வேலியோரத்தில் ஒரே ஒரு செடியாக நின்று, அவர் வீடு மாறியதோடு அல்லது காலமானதோடு அழிந்துபோன நல்ல ரோஜாக்கள் எத்தனையோ. என்னை மிகவும் வருத்தும் விஷயம் இது. பண்ணைகளிலும் புதிய ரகத்துக்குத் தேவை இருக்கிறது; வீட்டுத் தோட்டங்களிலும் திறமை இருக்கிறது. நடுவே பாலம்தான் இல்லை. இந்தக் கட்டுரை, சொந்தமாக ரோஜா ரகம் உருவாக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், அவர்களுக்குத் துணைநிற்க விரும்பும் ரோஜா சங்கத்தினருக்கும்.

முதலில், உங்கள் நாற்றை நீங்களே கழித்துக்கட்டுங்கள்

பெரிய ரோஜா நிறுவனங்கள் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் விதைநாற்றுகளை எழுப்புகின்றன. அவற்றில் விலைப்பட்டியல் வரை வருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. வீட்டில் சில நூறு நாற்றுகள் வளர்க்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு நல்ல ரகம் கிடைத்தாலே அது பெரும்பேறு. ஆகவே பண்ணைக்காரரிடம் பத்துச் செடிகளைப் பற்றிப் பேசப் போகாதீர்கள். ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், மிஞ்சினால் இரண்டு.

எதைக் கழிப்பது? முதல் பூவைப் பார்த்து மயங்குவதுதான் இதில் பெரிய ஆபத்து. நிறம் அபூர்வமாக இருக்கும், இதழ் அடுக்கு கண்ணைப் பறிக்கும். ஆனால் மூன்றாம் ஆண்டில் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கும் செடியை எந்தப் பண்ணையும் வாங்காது. ஒரு நாற்று, விதை முளைத்ததிலிருந்து குறைந்தது நான்கைந்து ஆண்டுகளாவது உங்கள் கண்முன் நின்றிருக்க வேண்டும். அந்தக் காலம் முழுவதும் அதற்குப் பூஞ்சணக்கொல்லி தெளிக்காதீர்கள். கரும்புள்ளி நோய், சாம்பல் நோய், துரு நோய் ஆகியவை வரட்டும். தாங்குகிறதா என்று பாருங்கள்.

இதில் முன்மாதிரியாக நான் சொல்வது வில்லியம் ராட்லரை. அமெரிக்காவில் ஒரு தாவரவியல் பூங்காவை நிர்வகித்தவர். ரோஜா ரகங்களை உருவாக்கியதோ தம் வீட்டில். நோய் பிடித்த இலைகளைச் சேகரித்து, உலர்த்திப் பொடியாக்கி, தம் நாற்றுகளின்மேல் தாமே தூவினார். மேலிருந்து நீர் தெளித்து இலைகளை ஈரமாகவே வைத்தார். கரும்புள்ளி நோய்க்கு இதைவிடச் சாதகமான சூழலை யாரும் அமைத்துக்கொடுக்க முடியாது. அதிலும் பிழைத்து நின்ற செடிகளையே பெற்றோராகக் கொண்டு மேலும் மேலும் கலந்தார். 2000-இல் கோனார்ட் பைல் நிறுவனம் வெளியிட்ட 'நாக் அவுட்' அப்படிப் பிறந்தது. அதன் பூ எளிமையானது, போட்டி மேடையில் பரிசு வாங்கும் தோற்றம் அதற்கு இல்லை. இருந்தும் உலகில் மிக அதிகமாக விற்ற தோட்ட ரோஜாக்களின் வரிசையில் அது இடம்பிடித்தது. பண்ணைகள் எதைத் தேடுகின்றன என்பதை இந்த ஒரு ரகத்தைப் படித்தாலே புரிந்துகொள்ளலாம்.

யாருக்கு எந்தச் செடி

'வணிகரீதியாக ரோஜா வளர்ப்பவர்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவர்கள் வெவ்வேறு தொழில்களைச் செய்பவர்கள். தவறான கதவைத் தட்டினால் அருமையான ரகமும் திரும்பி வரும்.

கொய்மலர்ப் பண்ணையாளர் பசுமைக்குடிலில் வளர்ப்பவர். தண்டின் நீளம், ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு எத்தனை தண்டு, வெட்டிய பூ குவளையில் எத்தனை நாள் நிற்கும், பெட்டியில் அடுக்கினால் இதழ் கசங்குமா, குளிர்அறையிலிருந்து வெளியே எடுத்த மொட்டு ஒழுங்காக விரியுமா என்று கேட்பார். வாசனை அவருக்கு இரண்டாம் பட்சம். இந்தத் துறையில் வீட்டுத் தோட்டக்காரர் நுழைவது மிகக் கடினம். பசுமைக்குடில் இல்லாமல் அவர் கேட்கும் எண்களை உங்களால் தர முடியாது. உங்கள் ரகம் நீண்ட, நேரான, முள் குறைந்த தண்டில் தனிப் பூவாகப் பூத்து, வெட்டிய பின் நன்றாக நிற்கிறது என்றால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

வயலில் வளர்த்து, இலையும் மண்ணும் இல்லாத வெறும்வேர்ச் செடிகளாக விற்கும் நர்சரிகள் கண் ஒட்டு முறையை, அதாவது ஒரு ரகத்தின் தண்டிலுள்ள மொட்டுக்கண்ணை வேறொரு செடியில் செருகி வளர்ப்பதை, நம்புபவை. கண்ணை ஏற்று வேராக நிற்கும் வேர்ச்செடியில் உங்கள் ரகத்தின் கண் எத்தனை விழுக்காடு பிடிக்கிறது, ஒரே பருவத்தில் எத்தனை நல்ல கிளைகள் விடுகிறது என்பவைதாம் அவர்கள் கவலை. வேர்ச்செடியும் இடத்துக்கு இடம் மாறும்: சில இடங்களில் 'டாக்டர் ஹியூய்', சில இடங்களில் மல்டிஃப்ளோரா, ஐரோப்பாவில் பெரும்பாலும் லாக்ஸா.

சொந்த வேரில் தொட்டியில் வளர்த்து விற்கும் நர்சரிகளுக்குக் குச்சி எளிதில் வேர்விட வேண்டும். செடி தொட்டியிலேயே அடர்ந்து, பூவோடு அழகாக நிற்க வேண்டும். வாங்குபவர் அதைக் கடையில் பார்த்துத்தான் தூக்கிப் போகிறார். வீட்டுத் தோட்டக்காரர்களின் ரகங்களுக்கு மிகப் பொருத்தமான இடம் இதுதான் என்பது என் கருத்து. காரணம் எளிது: நீங்களும் சொந்த வேரில்தான் வளர்க்கிறீர்கள். நீங்கள் கண்டதையே அவரும் காண்பார்.

இவர்களைத் தவிர அபூர்வ ரகங்களை மட்டும் விற்கும் சிறு நர்சரிகள் உண்டு. ஒரு ரகத்தில் ஆண்டுக்குச் சில நூறு செடிகள் விற்றாலே அவர்களுக்குப் போதும். பெரிய நிறுவனம் மறுத்த ரகம் இங்கே வாழ இடமுண்டு. ராயல்டி, அதாவது விற்கும் செடிக்கு உருவாக்கியவருக்குத் தரும் பங்கு, என்று பெரிதாக எதுவும் வராது. ஆனால் ரகம் பிழைத்துவிடும்.

ஏட்டில் எழுதுங்கள்

செடியின் எண் முதலில். 'பீஸ்' ரோஜாவுக்கு அந்தப் பெயர் கிடைக்கும் முன்னர் அதை உருவாக்கிய பிரெஞ்சு மெய்யான் குடும்பத்தாரின் ஏட்டில் அதன் அடையாளம் 3-35-40: 1935-ஆம் ஆண்டின் மூன்றாவது கலப்பு, அதில் பொறுக்கிய நாற்பதாவது நாற்று. உங்களுக்கும் இதுபோன்ற ஒரு முறை போதும். அழகான பெயரை உடனே சூட்டிவிடாதீர்கள். எண்ணோடு இருக்கும்வரை செடியைக் கழிப்பது எளிது. மகளின் பெயரை வைத்துவிட்டால் கை வராது. பண்ணைக்காரரும் பெயரைத் தாமே முடிவு செய்ய விரும்புவார்.

ஏட்டில் இருக்க வேண்டியவை: தாய், தந்தை ரகங்கள், விதைத்த ஆண்டு, ஒவ்வொரு பூப்பருவமும் தொடங்கிய நாளும் முடிந்த நாளும், செடியின் உயரமும் அகலமும், பருவ இறுதியில் இலை எத்தனை பங்கு மிஞ்சியது, குச்சி எத்தனை வைத்தீர்கள், எத்தனை வேர்பிடித்தன. கடைசியாகச் சொன்னதை எல்லாரும் மறக்கிறார்கள். நர்சரிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒப்பீட்டுச் செடி ஒன்றும் அருகிலேயே வளர வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த ரகமாக இருக்கட்டும்: கோர்டஸ் நிறுவனத்தின் 1958-ஆம் ஆண்டு ரகமான 'ஐஸ்பெர்க்' அல்லது 'நாக் அவுட்' போன்றது. "என் செடிக்கு நோய் வருவதில்லை" என்பது வெறும் பேச்சு. "பக்கத்தில் நின்ற ஐஸ்பெர்க் பாதி இலையை இழந்த வாரத்தில் இது பத்தில் ஒன்பது பங்கு இலையோடு நின்றது" என்பது சான்று.

படங்களிலும் இதே ஒழுங்கு வேண்டும். விரிந்த பூவின் அழகுப் படம் ஒன்று போதும். முழுச் செடி, அருகில் அளவுகோலுடன். மொட்டு, பாதி விரிந்தது, முழுதும் விரிந்தது, வாடியது என ஒரே பூவின் நான்கு நிலைகள். மழைக்குப் பிந்திய பூ. பருவ முடிவில் கீழ் இலைகள். வாடிய பூவை ஏன் காட்ட வேண்டும் என்றால், இதழை உதிர்த்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ரகமா, பழுப்பேறிய இதழைப் பிடித்துக்கொண்டே நிற்கும் ரகமா என்பதைப் பண்ணைக்காரர் அறிய வேண்டும். படத்தில் நிறத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது.

கொடுப்பதற்கு முன் உரிமையைப் பற்றி யோசியுங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். தோட்டக்காரர்களுக்குத் தாராள மனம் அதிகம். ஒரு நண்பர் குச்சி கேட்டால் கொடுத்துவிடுகிறோம். அந்த ஒரு குச்சியால் பிற்பாடு உரிமையே போய்விடக்கூடும்.

தாவர ரகத்துக்குச் சட்டப் பாதுகாப்பு என்பதே ரோஜாவோடு தொடங்கியது எனலாம். அமெரிக்கா 1930-இல் தாவரக் காப்புரிமைச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு, முதல் எண்ணுள்ள தாவரக் காப்புரிமை 'நியூ டான்' என்ற கொடி ரோஜாவுக்குக் கிடைத்தது. இன்று அங்கே காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும். பல நாடுகளில் 1961-இல் உருவான யூபோவ் (UPOV) என்ற சர்வதேச ரகப் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழியில் ரகப் பாதுகாப்பு உரிமை வழங்கப்படுகிறது. அதற்கு ரகம் புதியதாக இருக்க வேண்டும். மற்ற ரகங்களிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும். செடிக்குச் செடி ஒரே சீராக இருக்க வேண்டும். பெருக்கப் பெருக்க மாறாமல் நிற்க வேண்டும். ரோஜாவைக் குச்சியிலும் ஒட்டிலும் பெருக்குவதால் சீர்மையும் நிலைத்தன்மையும் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை.

'புதியது' என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். யூபோவ் விதிப்படி, விண்ணப்பிக்கும் நாட்டில் 1 ஆண்டுக்கு மேலாகவும், பிற நாடுகளில் பொதுவாக 4 ஆண்டுகளுக்கு மேலாகவும் அந்த ரகம் உங்கள் சம்மதத்தோடு விற்பனையில் இருந்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் விற்பனையோ பொது வெளியீடோ நிகழ்ந்த 1 ஆண்டுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். சங்க விழாவில் நன்கொடைக்காக நான்கு செடி விற்றதும் கணக்கில் வரலாம். எனவே கவனத்துக்குரிய ரகம் என்று தோன்றிய நாளிலிருந்து ஒப்பந்தம் இல்லாமல் ஒரு கண்ணைக்கூடக் கைமாற்றாதீர்கள். உங்கள் நாட்டு விதியை அந்த நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

அதற்காக இப்போதே பணம் கட்டி விண்ணப்பிக்கவும் வேண்டாம். கட்டணம், பரிசோதனைச் செலவு, ஆண்டுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலான வீட்டு ரகங்கள் ஈட்டும் ராயல்டியை விழுங்கிவிடும். ரகத்தைப் பண்ணை ஏற்றுக்கொண்ட பிறகு, பண்ணையின் செலவிலோ பங்கு போட்டோ விண்ணப்பிப்பதுதான் நடைமுறை. அதுவரை உங்கள் வேலை உரிமையைக் கெடுத்துக்கொள்ளாமல் காப்பது.

இன்னொன்று, அடிக்கடி கேட்கப்படுவது: பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெற்றோராக வைத்துக் கலக்கலாமா? யூபோவ் முறையில் புதிய ரகம் உருவாக்குவதற்காகப் பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பயன்படுத்த விலக்கு உண்டு. ஆனால் ஒரு ரகத்தின் கிளையில் தானாகத் தோன்றும் நிறமாற்றம் வேறு கதை. 1991-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ், மூல ரகத்துக்குப் பாதுகாப்பு இருக்கும்வரை அதை விற்க மூல ரகத்தின் உரிமையாளருடைய அனுமதி தேவைப்படலாம்.

முதல் கடிதம்

பண்ணைக்காரர்களுக்கு நேரம் குறைவு. கண் ஒட்டும் பருவத்திலும் செடிகளை அனுப்பும் பருவத்திலும் எழுதினால் பதில் வராது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஓய்வான மாதங்களில் எழுதுங்கள். அவருடைய விலைப்பட்டியலை முழுதும் படித்துவிட்டு எழுதுங்கள். அங்கே ஏற்கெனவே ஐந்து குட்டை மஞ்சள் ரோஜாக்கள் இருந்தால், உங்கள் ஆறாவது எதில் மேல் என்று சொல்ல முடிய வேண்டும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கீழே இருப்பது ஒரு மாதிரி. எண்களை உங்கள் ஏட்டிலிருந்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

"ஐயா, வணக்கம். தங்கள் நர்சரியின் பட்டியலில் தொட்டியில் வளரும் கொத்துப்பூ ரோஜாக்கள் பல இருந்தும், ஆரஞ்சு நிறத்தில் நோய் தாங்கும் ரகம் இல்லை என்று கண்டேன். அந்த இடத்துக்குப் பொருந்தக்கூடிய ஒரு விதைநாற்று என்னிடம் உள்ளது (எண் 18-07-12). உயரம் 70 செ.மீ., அகலம் 60 செ.மீ. சொந்த வேரில் ஐந்து ஆண்டுகளாக மருந்து தெளிக்காமல் வளர்த்து வருகிறேன். அருகில் ஒப்பீட்டுக்கு ஐஸ்பெர்க் உள்ளது. இரண்டின் பருவ இறுதிப் படங்களையும் இணைத்துள்ளேன். வைத்த 20 குச்சிகளில் 17 வேர்பிடித்தன. வாசனை மிகக் குறைவு. கடும் வெயிலில் நிறம் வெளிறுகிறது. இந்த ரகம் இதுவரை யாருக்கும் விற்கப்படவோ கொடுக்கப்படவோ இல்லை. சோதனை ஒப்பந்தத்தின் பேரில் தங்கள் இடத்தில் வளர்த்துப் பார்க்க விருப்பமா என்று அறிய விரும்புகிறேன்."

குறையை நீங்களே எழுதுவது முக்கியம். எந்த ரோஜாவுக்கும் குறை உண்டு என்பது அவருக்குத் தெரியும். அதை மறைக்காதவரின் மற்ற எண்களை அவர் நம்புவார். ராயல்டி எவ்வளவு, வெளியீடு எப்போது என்ற பேச்சு இந்தக் கடிதத்தில் வேண்டாம். நீங்கள் கேட்பது சோதனைக்கு ஓர் இடம் மட்டுமே.

பதில் வரவில்லை என்றால் ஒரு மாதம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த பண்ணைக்கு எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு எழுதுவது தவறில்லை, அதை இருவரிடமும் சொல்லிவிடும்வரை.

சோதனை ஒப்பந்தம்

"அனுப்புங்கள், பார்க்கலாம்" என்ற பதில் வந்ததும் மகிழ்ச்சியில் உடனே பொட்டலம் கட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு தாளில் கையொப்பம். வழக்கமாக இவ்வளவு இருந்தால் போதும்: செடியும் அதன் ரகமும் உருவாக்கியவருக்கே சொந்தம், சோதனைக்காக இத்தனை செடிகள் வரை மட்டும் பெருக்கலாம், விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது, கிளையில் நிறமாற்றம் தோன்றினால் உடனே தெரிவிக்க வேண்டும், அதுவும் உருவாக்கியவருக்கே உரியது, சோதனை இத்தனை ஆண்டுகளில் முடியும், வேண்டாம் என்றால் எல்லாச் செடிகளையும் அழித்துவிட்டு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் தங்கள் படிவத்தையே அனுப்பும். அதில் நிறமாற்றம் யாருக்குச் சொந்தம் என்ற வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கண்களை அனுப்பும் முறை

கண் ஒட்டுக்குக் குச்சி கேட்டிருந்தால், பூத்து முடிந்து இதழ் உதிர்ந்த தண்டைத் தேர்ந்தெடுங்கள். முள்ளைப் பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். 'டக்' என்று சுத்தமாக ஒடிந்து, அடியில் ஈரமான பச்சை வடு தெரிந்தால் தண்டு பக்குவம். வளைந்தால் இளசு, நார் நாராகக் கிழிந்தால் முற்றியது. நடுப்பகுதியின் கண்களே நல்லவை. இலையை வெட்டி, காம்பை மட்டும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு விடுங்கள். ஒட்டுபவர் கண்ணைப் பிடித்துச் செருக அந்தக் காம்புதான் கைப்பிடி. முட்களை நீக்கி, ஈரம் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி மூடுங்கள். தாள் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் கண்கள் அழுகும். எண்ணைப் பென்சிலால் எழுதிய அட்டை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அனுப்பும்வரை குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் இருக்கட்டும், உறைபெட்டியில் அல்ல. ஆப்பிள் போன்ற பழங்கள் அருகில் வேண்டாம்; அவை வெளிவிடும் எத்திலீன் வாயு கண்களைக் கெடுக்கும்.

செடியின் உடல்நலம் பற்றி ஓர் எச்சரிக்கை. ரோஜாவைத் தாக்கும் மொசைக் வைரஸ் பெரும்பாலும் ஒட்டுக்கட்டும்போது பரவுவது. விதையிலிருந்து வந்த உங்கள் நாற்று ஏறக்குறைய எப்போதும் தூய்மையாகவே பிறக்கிறது. அதைச் சந்தேகத்துக்குரிய வேர்ச்செடியில் ஒட்டினால், அன்றோடு அந்தத் தூய்மை போயிற்று. பிறகு அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கண்ணிலும் வைரஸ் இருக்கும். ஆகவே மூலச் செடியைச் சொந்த வேரிலேயே வையுங்கள், பண்ணைக்கு அதிலிருந்தே வெட்டிக் கொடுங்கள். எல்லை தாண்டி அனுப்புவதென்றால் தாவரநலச் சான்றிதழும் சில நாடுகளில் இறக்குமதி அனுமதியும் வேண்டும். சூட்கேசில் மறைத்துக் கொண்டுபோவது என்ற யோசனையே வேண்டாம். வட அமெரிக்காவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் பரப்பும் ரோசெட் நோயால் எத்தனை தோட்டங்கள் அழிந்தன என்பதை அறிந்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள்.

காத்திருக்கும் காலம்

பண்ணை ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று புரிந்துகொண்டால் உறவு கசக்காது. வயல் நர்சரியில் ஒட்டு வைத்த கண் விற்பனைக்கு உரிய செடியாவது அடுத்த ஆண்டின் இறுதியில்தான். ஒரு கணக்குக்காக, உங்கள் ஒரு செடியிலிருந்து 30 கண்கள், அவற்றில் 25 பிடித்தன என்று கொள்வோம். இரண்டு ஆண்டு பார்த்துவிட்டு, அந்த 25 செடிகளில் தலா 20 கண்கள் எடுத்தால் 500. அந்த 500-இலிருந்துதான் பல ஆயிரம் செடிகள் வரும். சோதனைக் காலத்தையும் சேர்த்தால், 'சரி' என்ற சொல்லுக்கும் விற்பனைக்கும் நடுவே ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிடும். அத்தனை ஆண்டுகளும் அந்த நிலத்தில் வேறு ரகம் வளர்ந்திருந்தால் வந்திருக்கும் வருமானத்தைப் பண்ணை உங்களுக்காக ஒதுக்கிவைக்கிறது.

இந்த இடைவெளியில் ரகத்தை வேறு வழியிலும் சோதிக்கலாம். பாரிஸின் பகடெல் தோட்டத்தில் 1907 முதல் புதிய ரோஜாக்களுக்கான சர்வதேசப் போட்டி நடக்கிறது. ரோம், ஜெனீவா, பாடன்-பாடன், பெல்ஃபாஸ்ட் என்று வேறு இடங்களும் உண்டு. ஜெர்மனியின் ஏடிஆர் சோதனை இவற்றில் மிகக் கண்டிப்பானது: வெவ்வேறு தட்பவெப்ப நிலைகளில், பூச்சி நோய் மருந்து எதுவுமின்றிச் செடிகளை மூன்று ஆண்டுகள் வளர்த்து மதிப்பிடுகிறார்கள். அனுப்பும் முன் அந்தந்த அமைப்பின் நுழைவு விதிகளைப் பாருங்கள். பண்ணையின் சம்மதமும் வேண்டும். ஒரு பதக்கத்தைவிட, பல ஊர் மண்ணில் உங்கள் செடி எப்படி நடந்துகொண்டது என்ற மதிப்பெண் தாள் பண்ணைக்காரருக்கு அதிகம் பயன்படும்.

சங்கங்கள் என்ன செய்யலாம்

தனி ஒருவர் கடிதம் எழுதுவதைவிட ஒரு சங்கம் அழைத்தால் பண்ணைக்காரர்கள் வருவார்கள். இதில் என் ஆசை ஒன்று உண்டு: ஒவ்வொரு ரோஜா சங்கமும் ஒரு பொதுச் சோதனைப் பாத்தி வைத்திருக்க வேண்டும். உறுப்பினர்களின் நாற்றுகள், ஒவ்வொன்றிலும் மூன்று செடி, எண் மட்டும் எழுதிய அட்டையோடு. நடுநடுவே ஒப்பீட்டு ரகங்கள். மருந்து கிடையாது. மாதம் ஒருமுறை, செடி யாருடையது என்று தெரியாத மூவர் மதிப்பெண் இடட்டும்.

பண்ணைக்காரர்களை அழைக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எல்லாரும் பூ உச்சத்தில் இருக்கும் வாரத்தில் அழைக்கிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். மழை அடித்து ஓய்ந்து, கரும்புள்ளி நோய் பாத்தி முழுதும் பரவி, பாதிச் செடிகள் மொட்டையாக நிற்கும் வாரத்தில் அழையுங்கள். அந்த நேரத்தில் இலையோடும் இரண்டாம் சுற்றுப் பூவோடும் நிற்கும் ஒரு செடியின் முன் பண்ணைக்காரர் தாமாக நின்றுவிடுவார். யாரும் அதைப் புகழ்ந்து பேச வேண்டியதில்லை.

பாத்தியால் இன்னொரு நன்மை, ரகம் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் நிலை மாறுவது. நல்ல நாற்று ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று தோட்டங்களில், ஒப்பந்தத்தோடு, இருக்கும்படி சங்கம் பார்த்துக்கொள்ளலாம். வயதான உறுப்பினர்களின் ஏடுகளைப் படியெடுத்து வைப்பதும் சங்கத்தின் கடமை. இவற்றுக்குப் பெரிய செலவில்லை. செய்ய ஆள்தான் வேண்டும்.

சம்மதம் வந்த பிறகு

உரிம ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை பல. எந்தெந்த நாடுகளுக்கு உரிமம்? அவருக்கு மட்டுமா, மற்றவர்களுக்கும் கொடுக்கலாமா? விற்ற செடிக்கு ராயல்டியா, பெருக்கிய செடிக்கா? கொய்மலராக இருந்தால் நட்ட செடிக்கா, வெட்டிய தண்டுக்கா? காப்புரிமைச் செலவு யாருடையது? கணக்கு ஆண்டுக்கு எத்தனை முறை வரும், அதைச் சரிபார்க்க உங்களுக்கு உரிமை உண்டா? ராயல்டியால் யாரும் வேலையை விட்டுவிடலாம் என்று எண்ணக் கூடாது. 'நாக் அவுட்' போன்ற வெற்றி மிக அரிது. பெரும்பாலானவர்களுக்கு அடுத்த ஆண்டின் மண்ணும் தொட்டியும் வாங்கும் அளவுக்கு வந்தால் நல்லது. நேரமில்லாதவர்கள் நாடு நாடாக உரிமம் பேசித்தரும் முகவரை நாடலாம். அவர் ராயல்டியில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்.

பெயர் வைப்பதில் இரண்டு அடுக்கு இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உலகம் முழுதும் மாறாத ரகப் பெயர் ஒன்று. அதன் முதல் மூன்று எழுத்துகள் பெரும்பாலும் உருவாக்கியவரைக் குறிக்கும். ஐஸ்பெர்க்கின் ரகப் பெயர் 'கோர்பின்', கோர்டஸிலிருந்து. நாக் அவுட்டுக்கு 'ராட்ராஸ்', ராட்லரிலிருந்து. கடையில் கேட்கும் பெயர் இதற்கு மேல் சூட்டும் வணிகப் பெயர், அது நாட்டுக்கு நாடு மாறலாம். வணிகப் பெயரைப் பண்ணை தேர்ந்தெடுக்கட்டும். ரகப் பெயரில் உங்கள் எழுத்துகள் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ரோஜாப் பெயர்களின் சர்வதேசப் பதிவு அமைப்பாக 1955 முதல் அமெரிக்க ரோஜா சங்கம் செயல்படுகிறது. அங்கே பதிவாகிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லாப் பண்ணைகளும் மறுத்துவிட்டாலும் ரகம் உங்களுக்கு அருமை என்றால், சொந்த நர்சரி ஒரு வழி. டேவிட் ஆஸ்டின் தம் முதல் ரகமான 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை'யை 1961-இல் வேறொரு நர்சரி வழியாகத்தான் வெளியிட்டார்; 1969-இல் தமக்கென்றே நர்சரி தொடங்கினார். எல்லாராலும் அது முடியாது. பொதுத் தோட்டங்களுக்கும் சிறு நர்சரிகளுக்கும் உரிமை எதுவும் கோராமல் கொடுத்துவிடுவது மற்றொரு வழி. அப்போதும் பெற்றோர் பெயர், உருவாக்கியவர் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதிய தாள் செடியோடு போகட்டும்.

ஒப்பந்தத்தில் கடைசியாக ஒரு விதியைக் கேட்டு வாங்குங்கள்: குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் ரகத்தை வெளியிடாவிட்டாலோ, வெளியிட்டபின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாலோ, உரிமை தானாக உங்களிடம் திரும்ப வேண்டும், உரிமையோடு நோயற்ற செடிகள் சிலவும் திரும்ப வேண்டும். விற்பனை குறைந்த ரகங்களைப் பண்ணைகள் சத்தமின்றிக் கைவிடுவது சாதாரணம். அந்த நாளில் உங்கள் மூலச் செடி பட்டுப்போயிருந்தால், அவர்கள் வயலில் மிஞ்சிய வரிசைதான் அந்த ரகத்தின் கடைசிச் செடிகளாக இருக்கும்.